வகுப்பறையிலிருந்து கழிப்பறை வரை

நான் குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையாளர். வாரத்தில் மூன்று நாள் பள்ளிகளுக்குப் போவேன். மற்ற இரண்டு நாள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கு. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் உள்ள ஊர்கள் என் பங்கு. ஸ்கூட்டரின் முன்பக்கம் காற்று பிடுங்கிய பெரிய ரப்பர் பந்து ஒன்று சுருண்டு கிடக்கும். பின்னால் ஒரு துணிப்பையில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கருவி, பட்டைத் துணிகள், சோப்புக் குமிழி விடும் டப்பா. மக்கள் என்னை டாக்டர் என்றும் டீச்சர் என்றும் வாய்க்கு வந்தபடி கூப்பிடுவார்கள். மசாஜ் பண்ற அம்மா என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் எதையும் திருத்துவதில்லை.

அந்தச் சிறுமியை முதலில் பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயது. திருமுருகன்பூண்டியைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சாலையில், வரிசையாகப் பதினொரு லைன் வீடுகள். முன்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா என் பையைப் பார்த்ததும், "ஏனுங்க, அந்தக் காலு வராத புள்ளையப் பாக்க வந்தீங்களா? கடைசி ஊடுங்க" என்று கை காட்டினார்.

கடைசி வீட்டில் சிறுமியின் அம்மா பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து காலையில் மூட்டை வரும். சாயங்காலம் வெட்டி முடித்துக் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம். கணவர் ஒரு கம்பெனியில் டெய்லர், பெரும்பாலான நாட்களில் ஒன்றரை ஷிப்ட். அம்மாவுக்கு எதிரில் சிறுமி முழங்காலை மடக்கி, பாதங்களை இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தாள். தொடைத் தசை இறுகிய பிள்ளைகள் அப்படித்தான் உட்காருவார்கள். ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பேச்சு தெளிவாக இருந்தது. கைகள் சுறுசுறுப்பாக இருந்தன. கால்கள் மட்டும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நிற்க வைத்தால் குதிகால் தரையில் படவில்லை.

"என்னைக்கு டீச்சர் நடப்பா?" என்றாள் அம்மா. முதல் நாள் எல்லோரும் கேட்கிற கேள்வி. நானும் எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன். "முதல்ல பயிற்சியைப் பண்ணலாங்க. அப்புறம் பாக்கலாம்."

ஒரு தாளில் பன்னிரண்டு பயிற்சிகளைப் படம் போட்டு எழுதிக் கொடுத்தேன். குதிகாலை நீட்டுவது முப்பது எண்ணும் வரை. தொடையை விரித்துப் பிடிப்பது முப்பது எண்ணும் வரை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை, காலையும் மாலையும் இரண்டு வேளை. அந்தத் தாளில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. படங்கள் நன்றாக வந்திருந்தன.

சிறுமிக்கு என்னைப் பிடிக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே பனியன் குவியலுக்குப் பின்னால் தவழ்ந்து போய்விடுவாள். "நீங்க வந்தாத்தான் கால் வலிக்கு" என்று ஒரு நாள் நேராகவே சொன்னாள். அது உண்மை என்பதால் நான் சோப்புக் குமிழி டப்பாவை எடுத்தேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. குதிகால் இருந்த இடத்திலேயே இருந்தது. அளந்து பார்த்தால் ஒரு பாகைகூட நகரவில்லை. நான் அந்த அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

"வாரத்துக்கு ஒரு தடவ நான் வந்து நீவிவிட்டுப் போனா ஒண்ணும் ஆகாதுங்க. நீங்க தெனமும் பண்ணோணும். உங்க புள்ளைதானுங்களே?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"நாலரைக்கு எந்திக்கேன் டீச்சர். இவங்க அப்பாவுக்குச் சோறு பொங்கணும். குழாய்ல தண்ணி வார அன்னைக்கு வரிசையில நிக்கணும். எட்டு மணிக்கு மூட்டை வந்திரும். நாலு மணிக்கு வண்டிக்காரன் வந்து நிப்பான். நடுவுல இவளத் தூக்கிட்டு ரெண்டு மூணு தடவ பின்னால போகணும், குளிப்பாட்டணும், ஊட்டணும். நீங்க சொன்னதப் பூராச் செய்யணும்னா ரெண்டு மணி நேரம் ஆகுது. காலம்பற ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நீங்களே சொல்லுங்க, எதை நான் விடட்டும்?"

அன்றைக்கு மீதி நேரம் நான் பயிற்சி எதுவும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்து அவர்கள் நாள் எப்படி நடக்கிறது என்று பார்த்தேன். மறுவாரம் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு மூன்றே மூன்றைச் சொன்னேன். குளிப்பாட்டும்போது கால் சூடாக இருக்கும், அப்போது குதிகாலை நீட்டுங்கள். இடுப்பில் தூக்கும்போது கால் இரண்டையும் விரித்து வைத்துத் தூக்குங்கள். பிசிறு வெட்டுகிற நேரத்தில் அவளைத் தரையில் விடாதீர்கள், மூட்டையை ஸ்டூல் மேல் வைத்து அதைப் பிடித்தபடி நிற்க விடுங்கள். வெட்டின பனியனை அவள் எண்ணி அடுக்கட்டும்.

நிற்பதுதான் அவளுக்குப் பிடித்தது. எண்ணிக்கை தப்பினால் அம்மாவை அதட்டினாள். நான்கு மாதத்தில் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி செய்து போட்ட பிறகு குதிகால் தரையைத் தொட்டது. வாக்கர் வந்தது. வீட்டுக்கும் முன்வீட்டு வேப்பமரத்துக்கும் நடுவில் இருந்த சிமெண்ட் தரையில் முதல் எட்டு அடி நடந்தாள். மரத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றாள், திரும்பத் தெரியாமல்.

அந்தச் சமயத்தில்தான் சக்கர நாற்காலிக்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா படிக்கத் தெரிந்தவள். தலைப்பைப் படித்ததும் முகம் மாறியது.

"நடக்க ஆரம்பிச்சுட்டாள்ல? இது எதுக்கு?"

"தூரமாப் போறதுக்குங்க. நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனா உதவும்."

அவள் மடியில் இருந்த பனியனை எடுத்துப் பிசிறு தேடினாள். வெட்ட ஆரம்பித்தாள்.

"உண்மையச் சொல்லுங்க டீச்சர். ஒண்ணையும் பிடிக்காம நடப்பாளா, மாட்டாளா?"

இந்த வேலையில் நான் கற்றுக்கொள்ள மிகவும் காலம் எடுத்துக்கொண்ட விஷயம் இதற்குப் பதில் சொல்வதுதான். "ஊட்டுக்குள்ள செவுத்தப் புடிச்சுட்டு நடப்பாங்க. வெளிய போனா வாக்கரோ ஊன்றுகோலோ வேணும். ஒண்ணையும் புடிக்காம நடக்கறது கஷ்டம்னுதான் எனக்குத் தோணுதுங்க."

கத்தரிக்கோல் பனியனுக்குள் இறங்கிவிட்டது. தோள்பட்டை ஓரத்தில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பனியனைத் தனியாக மடித்து வைத்தாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது கதவு திறந்திருந்தது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஜூன் மாதம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அரை கிலோமீட்டரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை முதலில் தயங்கினார். "நான் வேண்டாம்னு சொல்லலீங்க மேடம். உழுந்து கிழுந்து வெச்சா யாருங்க பதில் சொல்றது?" என்றார். ஆனாலும் தரைத்தளத்தில் வகுப்பு ஒதுக்கினார். வாசலுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டார். முதல் வாரம் வாக்கரை இழுத்துப் பார்க்கப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். இரண்டாம் வாரம் அதை மறந்துவிட்டார்கள். அம்மா அதே ஊரில் ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

நான் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். பெஞ்சிலிருந்து எழுகிறாளா, கரும்பலகை வரை போகிறாளா, சத்துணவு வாங்க வரிசையில் நிற்கிறாளா. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரி என்று குறித்தேன். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் இவளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

செப்டம்பரில் அம்மா போன் செய்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல், ஒன்றுக்குப் போகும்போது அழுகிறாள், டாக்டர் சிறுநீரில் கிருமி என்கிறார். இரண்டாவது தடவையாம். "புள்ள தண்ணியே குடிக்க மாட்டேங்காளான்னு டாக்டர் கேக்காரு. பாட்டில் நெறையக் குடுத்துத்தான் விடுதேன் டீச்சர்."

காய்ச்சல் இறங்கி அவள் பள்ளிக்கு வந்த அன்று நானும் போனேன். மத்தியானம் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். காலையில் நிரப்பியபடியே இருந்தது.

"ஏன் கண்ணு குடிக்கல?"

சத்துணவுத் தட்டில் இருந்த முட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடிச்சாத்தானே மறுபடி காய்ச்சல் வராது."

"குடிச்சா ஒண்ணுக்கு வருமில்ல" என்றாள். ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கொஞ்சம் கொஞ்சமாக மீதியும் வந்தது. ஆரம்பத்தில் ஐந்தாம் வகுப்பு அக்காக்கள் இரண்டு பேரை டீச்சர் துணைக்கு அனுப்பினார். அவர்கள் இவளைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஒரு நாள் பாவாடை ஏறிக்கொண்டது, வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அன்றோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள். காலை எட்டரையிலிருந்து, நாலரைக்கு அப்பாவோ அம்மாவோ யாராவது வந்து கூட்டிப் போகும் வரை அடக்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து கழிப்பறைக்குப் போனேன். வகுப்பிலிருந்து நாற்பது அடி இருக்கும். வாசலில் ஒரே படி, ஆனால் என் முழங்கால் உயரம். இரும்புக் கதவு தரையில் உரசியது. உள்ளே குத்துக்காலிட்டு உட்காரும் பீங்கான். அவளால் அப்படி உட்காரவே முடியாது என்பது அவள் கால்களை வாரம் தவறாமல் அளந்த எனக்குத் தெரியும். பிடிக்க ஒன்றும் இல்லை. எட்டு தடவை அந்தப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லை. அவள் நடப்பதைத்தான் பார்த்தேன், எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கேட்கவில்லை. வீட்டில் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு 'பின்னால' போவதாகச் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவருக்கும் சங்கடமாகிவிட்டது. "எனக்கு இது தோணவே இல்லீங்களே மேடம்" என்றார். ஒன்றியக் கல்வி அலுவலகத்துக்கு உடனே கடிதம் எழுதினார். படிக்குப் பதில் சாய்தளமும் உள்ளே கைப்பிடியும் கட்டித்தர வேண்டும் என்று. எப்போது வரும் என்று இருவருக்குமே தெரியும். "அதுவரைக்கும் நாமளே ஏதாச்சும் பண்ணலாங்களா?" என்று கேட்டேன். அனுமதி இல்லாமல் சுவரில் ஓட்டை போட முடியாது என்றார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டுவிட்டாராம். "ஞாயித்துக்கெழமை புள்ளையோட அப்பாவ வரச் சொல்லுங்க. நானும் வந்து நிக்கறனுங்க."

சிறுமியின் அப்பாவோடு நான் அதுவரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அவர் சனிக்கிழமை சாயங்காலம் இன்ச் டேப்போடு வந்தார். மகளை நிற்க வைத்துத் தோளிலிருந்து உள்ளங்கை வரை அளந்தார், இடுப்பிலிருந்து தரை வரை அளந்தார், சட்டைக்கு எடுப்பதுபோல. அட்டையில் குறித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"கம்பியப் பிடிக்கையில முழங்கை மடங்கி இருக்கணுமா, நீட்டி இருக்கணுமா டீச்சர்?"

இத்தனை வருடத்தில் எந்தக் கட்டிட ஒப்பந்தக்காரரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "கொஞ்சம் மடங்கி இருக்கோணுங்க" என்றேன்.

"அப்ப ரெண்டு எடத்துல வைப்போம். உக்காருகதுக்கு ஒண்ணு, எந்திக்கதுக்கு ஒண்ணு."

ஞாயிறு அன்று அவரும், அவர் கம்பெனியில் மெஷின் ஸ்டாண்ட் பற்ற வைக்கும் ஃபிட்டர் ஒருவரும் வந்தார்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறவர். மீந்துபோன ஒரு கருங்கல் பலகையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். படி உயரத்தில் பாதிக்கு அதை முன்னால் பதித்துவிட்டு, "வழவழன்னு இருந்தா ஈரத்துல சறுக்கீருமுங்க" என்று உட்கார்ந்து மேற்பரப்பு முழுக்க உளியால் பொளிந்து சொரசொரப்பாக்கினார். ஃபிட்டர் சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பிகளைப் பதித்தார், கதவின் அடிப்பக்கத்தையும் அறுத்துவிட்டார். பிளாஸ்டிக் சாமான் கடையில் நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி ஒன்று கிடைத்தது. அதன் கால்கள் நகராதபடி கம்பியோடு கட்டினோம். தலைமையாசிரியை எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் வாரம் இரண்டு முறை போனேன். பாட வேளை நடக்கும்போது, வெளியே யாரும் இல்லாத நேரத்தில் பழகினோம். வாக்கரை எங்கே விடுவது, எந்தக் கை முதலில் கம்பிக்குப் போவது, எந்தக் காலை முதலில் கல்லில் வைப்பது. பாவாடைக்குப் பதிலாக எலாஸ்டிக் வைத்த பேண்ட்டை அப்பா தைத்துக் கொடுத்தார், ஒரு கையாலேயே இறக்கும்படி. நான் அவள் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் கதவருகே வந்ததும் திரும்பினாள்.

"நீங்க வெளிய நில்லுங்க டீச்சர்."

"நானும் வந்து ஓரமா நிக்கறேன் கண்ணு."

"வேண்டாம். கதவ மூடுங்க."

மூடினேன். தாழ்ப்பாள் மட்டும் போடாதே என்றேன். உள்ளே கம்பியைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் மொள்ளும் சத்தம். அதற்கப்புறம் பொத்தென்று ஒரு சத்தம், பக்கெட் உருண்டது.

என் கை கதவில் இருந்தது. தள்ளினால் திறந்துவிடும். "கண்ணு, அடிபட்டுச்சா?" என்றேன்.

"இல்ல."

"நான் வரட்டுமா?"

"வராதீங்க."

தலையில் பட்டிருந்தால் அழுதிருப்பாள், குரல் தெளிவாக இருக்கிறது, தரை ஈரம், கம்பி எட்டும் தூரம்தான். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் குரல் கேட்டது. இரண்டாம் வாய்ப்பாடு முடிந்து மூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் போனார்கள். உள்ளே மூச்சு வாங்கும் சத்தம், துணி உரசும் சத்தம், தாங்கியின் பிளாஸ்டிக் தரையில் இழுபடும் சத்தம். இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதாக எனக்கு நினைவில்லை.

கதவு உள்ளிருந்து திறந்தது. பேண்ட் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. அவள் என்னைப் பார்க்கவில்லை, வாக்கரைப் பார்த்தாள். "கொஞ்சம் கிட்ட வைங்க" என்றாள். வைத்தேன். வகுப்புக்குப் போய் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். நான் மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் விழுந்ததையும் சொன்னேன், எழுந்ததையும் சொன்னேன். அவள் சிராய்ப்பை மட்டும் பார்த்தாள். "மஞ்சள் வைக்கவா?" என்று கேட்டாள். இரவு எட்டு மணிக்கு மேல் போன் செய்து, "தனியாவா போனா? நெசமாவா?" என்றாள். இரண்டு தடவை கேட்டாள்.

அந்த வருடம் மறுபடி காய்ச்சல் வரவில்லை. அலுவலகத்திலிருந்து சாய்தளம் கட்ட ஆள் வந்தது அடுத்த கோடையில். நன்றாகவே கட்டினார்கள். கல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் வகுப்பு பாதியில் குடும்பம் தாராபுரம் பக்கம் போய்விட்டது. அங்கே குண்டடத்துக்கு அருகில் புதிதாக வந்த ஒரு கார்மெண்ட்ஸில் கணவன் மனைவி இருவருக்குமே வேலை, தங்க வீடும் உண்டு. என் எல்லைக்கு வெளியே. அவள் சிகிச்சைக் கோப்பை அந்தப் பகுதிக்கு மாற்றி எழுதினேன். புதிய சிகிச்சையாளரிடம் போனில் பேசியபோது அவர் முழங்கால் எவ்வளவு நீள்கிறது என்று கேட்டார். சொன்னேன். கழிப்பறையையும் முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன். எந்தப் பள்ளியானாலும் இப்போது நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

ஒன்றரை வருடம் கழித்து அம்மா கூப்பிட்டாள். கால் வளர்ந்துவிட்டது, தாங்கி இறுக்குகிறது, பழைய இடத்திலேயே அளவு கொடுக்க வேண்டும் என்று மகள் அடம் பிடிக்கிறாளாம். வியாழக்கிழமை வரச் சொன்னேன். சக்கர நாற்காலி வாங்கியாயிற்று என்றும் சொன்னாள். புதுப் பள்ளி இரண்டு கிலோமீட்டர், மைதானமும் பெரிது. "அவளேதான் கேட்டா. நடந்து போனா களைச்சிப் போயிருது, அப்புறம் பாடத்துல தூக்கம் வருதுன்னா" என்றாள். குரலில் வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருக்கலாம்.

பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். எல்லோரும் இறங்கிய பிறகு அவள் வந்தாள். கண்டக்டர் கையை நீட்டி, "வா சாமி, தூக்கியுடறேன்" என்றார். "வேண்டாம் அண்ணே, கம்பியப் பிடிச்சு இறங்கிருவேன்" என்றாள். முதலில் திரும்பி நின்றுகொண்டாள். பின்பக்கமாக ஒரு காலை இறக்கினாள், அது தரையைத் தேடியது. பின்னால் நின்ற மினிபஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். அம்மா வாக்கரைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

இறங்கியதும், "உயரமாயிட்டேன், பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். உண்மையிலேயே வளர்ந்திருந்தாள். வலது முழங்கால் முன்பைவிட மடங்கி இருந்தது, அதையும் பார்த்தேன். உயரமாகும்போது தசை கூடவே நீளாது, அதனால் அப்படி ஆகும். அறுவை சிகிச்சையைப் பற்றி அம்மாவிடம் பேச வேண்டியிருக்கும். முதலில் அளவு கொடுத்துவிடலாம் என்று மூவரும் ரோட்டைக் கடந்தோம்.